வேதத்தின் ‘மையம்’ எந்த ஊர்? இடம் மாறிக்கொண்டே இருந்த எல்லையும் கப்பலூர் வழியாகப் போகும் சாலையும்

கப்பலூர்னு சொன்னாலே மதுரைக்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு சிட்கோ தொழிற்பேட்டை, இன்னொண்ணு டோல்கேட். அந்த டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகக் காத்திருக்கும்போது நாம யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. நாம நிற்கும் இந்த தேசிய நெடுஞ்சாலை 44, கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை போகிறது. சுமார் 3,700 கி.மீ. நீளம்.

இதே சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் டெல்லியைத் தாண்டியதும் பானிபட், அடுத்து குருக்ஷேத்திரத்தை ஒட்டிய பிப்லி, பிறகு அம்பாலா. அதற்கப்புறம் சட்லெஜ், பியாஸ், ராவி, செனாப் என ஆறுகள் வரிசையாக வரும். வேத நூல்கள் உருவான நிலப்பரப்பின் நடுவே நாம போய்க்கொண்டிருப்போம்.

‘வேதப் பண்பாட்டின் மையம் எது?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ‘கங்கைக்கரை’ என்பார்கள். சிலர் ‘சரஸ்வதி’ என்பார்கள், சிலர் ‘காசி’ என்பார்கள். உண்மையில் அந்த மையம் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை. அது நகர்ந்துகொண்டே இருந்தது. நகர்ந்த ஒவ்வொரு முறையும் ‘நம்ம ஊர்’, ‘வெளியூர்’ என்ற கோடும் மாற்றி வரையப்பட்டது.

இதை ஏன் இப்போ பேசணும்?

காரணம் இரண்டு. முதலாவது, 2024-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி-யின் 6-ம் வகுப்புப் புதிய சமூக அறிவியல் புத்தகம். ஹரப்பா நாகரிகத்தை ‘சிந்து - சரஸ்வதி நாகரிகம்’ என்ற பெயரிலும் அது அறிமுகப்படுத்துகிறது. இரண்டாவது நம்ம ஊர் விவகாரம். கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையை சமர்ப்பித்தார். திருத்தங்கள் வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறை அதை 2025 மே மாதம் திருப்பி அனுப்பியது. ‘என் கணிப்பு சரிதான்’ என்று அவர் பதில் எழுதினார். அடுத்த மாதமே அவருக்கு இடமாற்றம்.

இரண்டு விவகாரத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இந்தியப் பண்பாட்டின் தொடக்கம் எங்கே? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு புள்ளியைக் காட்டிப் பதில் சொல்ல முடியுமா என்று பார்க்க, வேத நூல்களே என்ன சொல்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நூல் எந்த ஊரில் உருவானதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

வேதங்கள் எழுதப்பட்டவை அல்ல. வாய்வழியாகவே பல நூற்றாண்டுகள் கடத்தப்பட்டவை. அதனால் கல்வெட்டு மாதிரி தேதியோ இடமோ இருக்காது. ஆனால் மூன்று வகைத் துப்புகள் உண்டு.

முதல் துப்பு ஆறுகள். ஒரு பாடலில் எந்த ஆறு திரும்பத் திரும்ப வருகிறதோ, அதன் பக்கத்தில்தான் பாடியவர் இருந்திருப்பார். இரண்டாவது, விலங்கும் பயிரும். ரிக் வேதத்தில் சிங்கம் வருகிறது, புலி வருவதில்லை. வாற்கோதுமை வருகிறது, அரிசி வருவதில்லை. பின்னால் வந்த அதர்வ வேதத்தில் புலியும் வந்துவிடுகிறது, நெல்லும் வந்துவிடுகிறது. வறண்ட மேற்கிலிருந்து மழை அதிகமுள்ள கிழக்கு நோக்கி மக்கள் வந்திருக்கிறார்கள் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, உலோகம். ரிக் வேதத்தின் ‘அயஸ்’ என்ற சொல் செம்பையோ வெண்கலத்தையோ குறிப்பது. அதர்வ வேதத்தில்தான் ‘கருப்பு உலோகம்’ என்று இரும்பு தனியாகப் பேசப்படுகிறது.

இந்தத் துப்புகளை அடுக்கி, எந்த நூல் எந்தப் பகுதியில் உருவானது என்று வரைபடம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மைக்கேல் விட்செல்.

கட்டம் 1: ஆறுகளின் நாடு

ரிக் வேதத்தின் காலம் பொதுவாக கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையில் வைக்கப்படுகிறது. அதன் நிலம் ஆப்கானிஸ்தானின் காபூல் ஆற்றில் தொடங்கி, பாகிஸ்தானின் ஸ்வாட், சிந்து ஆறுகளைத் தொட்டு, இரு பஞ்சாப்களையும் கடந்து யமுனை வரை வருகிறது. அன்றைய பெயர்களில் குபா, சுவாஸ்து, சிந்து, விதஸ்தா, அசிக்னி, பருஷ்ணி. இன்றைய பெயர்களில் காபூல், ஸ்வாட், சிந்து, ஜீலம், செனாப், ராவி.

கங்கை? முழு ரிக் வேதத்திலும் கிட்டத்தட்ட ஓரிரு இடங்களில்தான் வருகிறது. புகழ்பெற்ற ‘பத்து அரசர்கள் போர்’ நடந்ததும் கங்கைக்கரையில் அல்ல. பரத குலத்து அரசன் சுதாஸ் தன் எதிரிகளை வென்றது ராவி ஆற்றங்கரையில். ‘பாரதம்’ என்ற பெயருக்கே மூலமாகச் சொல்லப்படும் அந்தக் குலம் போரிட்ட ஆறு இன்று பெருமளவு பாகிஸ்தானில் ஓடுகிறது.

கட்டம் 2: குரு - பாஞ்சாலம்

கி.மு. 1000-ஐ ஒட்டி மையம் கிழக்கே நகர்கிறது. இன்றைய ஹரியானா, டெல்லி, மேற்கு உத்தரப் பிரதேசம்தான் புதிய இதயப்பகுதி. பரதர்களும் பூருக்களும் கலந்து ‘குரு’ என்ற அரசியல் அமைப்பு உருவாகிறது. சிதறிக் கிடந்த பாடல்கள் தொகுக்கப்பட்டதும், யாகச் சடங்குகள் விரிவாக ஒழுங்குபடுத்தப்பட்டதும் இங்கேதான் என்பது விட்செலின் வாதம்.

இந்தப் பகுதியில் கிடைக்கும் சாம்பல் நிற வண்ணம் தீட்டிய மட்பாண்டங்களைத் தொல்லியலாளர்கள் இக்காலத்தோடு இணைக்கிறார்கள். 1950-52-ல் பி.பி.லால் ஹஸ்தினாபுரத்தில் தோண்டியபோது கிடைத்தவை இவைதான். ஆனால் அங்கே பெரிய அரண்மனைகளோ கோட்டை நகரமோ கிடைக்கவில்லை. மண்ணும் நாணலும் வைத்துக் கட்டிய எளிய வீடுகளின் தடயங்களே கிடைத்தன. டி.வி. சீரியலில் பார்க்கிற ஹஸ்தினாபுரம் வேறு, மண்ணுக்கடியில் இருக்கிற ஹஸ்தினாபுரம் வேறு.

கட்டம் 3: ஆற்றைத் தாண்டிய நெருப்பு

அடுத்த நகர்வை வேத நூல் ஒன்றே ஒரு கதையாகப் பதிவு செய்திருக்கிறது. சதபத பிராமணத்தில் வரும் விதேக மாதவனின் கதை அது. சரஸ்வதி ஆற்றங்கரையில் இருந்த அந்த அரசனின் வாயிலிருந்து அக்னி வெளியே குதித்து, நிலத்தை எரித்துக்கொண்டே கிழக்கு நோக்கி ஓடுகிறது. அரசனும் அவனுடைய புரோகிதர் கோதம ராகூகணரும் பின்னாலேயே போகிறார்கள். வழியிலிருந்த ஆறுகளை எல்லாம் தாண்டிய நெருப்பு, ‘சதாநீரா’ என்ற ஆற்றின் கரையில் நின்றுவிடுகிறது.

‘நெருப்பு தாண்டாததால் முன்பு பிராமணர்களும் அந்த ஆற்றைத் தாண்டவில்லை, அக்கரை சதுப்பாக இருந்தது, இப்போது அங்கே நிறைய பிராமணர்கள் இருக்கிறார்கள்’ என்ற பொருளில் நூல் தொடர்கிறது. சதாநீரா என்பது பீகாரின் கண்டக் ஆறு என்பது பரவலான கருத்து. அதற்குக் கிழக்கே இருந்த விதேக நாடுதான் மிதிலை.

இதைக் காடழித்து விவசாய நிலமாக்கிய நினைவு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாசிக்கிறார்கள். இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். நேற்று வரை ‘போகக்கூடாத இடம்’ என்றிருந்த ஊர், ஏன் இன்று போகக்கூடிய இடமானது என்பதற்கு எழுதப்பட்ட விளக்கம் அது.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். பிருகதாரண்யக உபநிடதத்தில் அதே விதேகத்தின் அரசன் ஜனகன், கொம்பில் பொன் கட்டிய 1,000 பசுக்களைப் பரிசாக வைத்து விவாதம் நடத்துகிறான். குரு - பாஞ்சாலத்திலிருந்து அறிஞர்கள் வருகிறார்கள். ஜெயிப்பவர் கிழக்கின் யாக்ஞவல்கியர். பழைய மையத்து ஆட்கள் புதிய மையத்தின் அரங்கில் வந்து தோற்கிறார்கள்!

செம ட்விஸ்ட்: பிறந்த வீடே வெளியூர் ஆனது

கிழக்கே நகர்ந்தது சரி, மேற்கு என்ன ஆனது? பௌதாயன தர்மசூத்திரம் ‘ஆரியாவர்த்தம்’ எது என்று எல்லை போடுகிறது. சரஸ்வதி மறையும் இடத்துக்குக் கிழக்கே, காலகவனத்துக்கு மேற்கே, இமயத்துக்குத் தெற்கே, பாரியாத்திர மலைக்கு வடக்கே. கி.மு. 2-ம் நூற்றாண்டில் பதஞ்சலி தன் மகாபாஷ்யத்திலும் ஏறக்குறைய இதே எல்லையைத்தான் சொல்கிறார்.

இதற்கு வெளியே போய்வந்தால் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் பௌதாயனம் ஒரு பட்டியல் தருகிறது. வங்கம், கலிங்கம் அதில் இருப்பது ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆரட்டமும் சௌவீரமும்கூட இருக்கின்றன. ஆரட்டம் பஞ்சாப் பகுதி, சௌவீரம் சிந்து ஆற்றின் கீழ்ப்பகுதி.

புரிகிறதா? ரிக் வேதம் பாடப்பட்ட அதே நிலம், சில நூற்றாண்டுகளில், போய்வந்தால் தீட்டு என்று ஆகிவிட்டது! மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கர்ணன் ஐந்தாறுகளின் நாட்டு மக்களைத் தாறுமாறாகத் திட்டுவதும் இதே மனநிலையின் தொடர்ச்சிதான்.

மகதத்துக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. அதர்வ வேதத்தில் காய்ச்சலை விரட்டும் பாடல் ஒன்று உண்டு. ‘இங்கிருந்து போ’ என்று காய்ச்சலை அது அனுப்பிவைக்கும் முகவரிகளில் மேற்கே காந்தாரம் இருக்கிறது, கிழக்கே அங்கமும் மகதமும் இருக்கின்றன. வேண்டாத நோயைத் தள்ளிவிட வேண்டிய தூரத்து ஊராக இருந்த மகதத்தில்தான் பிறகு இந்தியாவின் முதல் பேரரசு எழுந்தது. பௌத்தமும் சமணமும் வளர்ந்ததும் அங்கேதான். யோஹானஸ் பிராங்கார்ஸ்ட் என்ற ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ‘பெரு மகதம்’ பற்றிய நூலில், கிழக்கில் இருந்தது வேதப் பண்பாட்டின் கிளை அல்ல, தனிப் பண்பாடு என்றே வாதிடுகிறார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

பின்னால் வந்த மனுஸ்மிருதியில் எல்லை இன்னும் பெரிதாகிறது. சரஸ்வதிக்கும் திருஷத்வதிக்கும் நடுவே பிரம்மாவர்த்தம், அதைச் சுற்றி பிரம்மரிஷி தேசம், அதற்கு வெளியே பிரயாகை வரை மத்திய தேசம், கடைசியாகக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை ஆரியாவர்த்தம். வட்டத்துக்குள் வட்டம். அப்போதும் தெற்கு எல்லை விந்தியமலைதான். மதுரை வெளியேதான் இருந்தது.

அப்போ மதுரைக்கு எப்போ வந்தது?

கி.மு. 3-ம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் பேரரசுக்கு வெளியே இருந்த அண்டை நாட்டவர். மதுரையைச் சுற்றிக் கல்லில் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் வேதத்தைச் சேர்ந்தவை அல்ல. மாங்குளம் மீனாட்சிபுரம் மலைக் குகைகளில் உள்ள தமிழி கல்வெட்டுகள், சமணத் துறவிகளுக்குக் கொடுத்த கொடையைப் பேசுகின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் அதில் வருகிறது. அதாவது, வடக்கிலிருந்து மதுரை மலைகளில் முதலில் தெளிவாகத் தடம் பதித்தது அந்த ‘வெளியூர்’ மகதத்தின் மதம்!

வேத யாகமும் வந்தது. சங்க இலக்கியம் பாடும் பாண்டிய மன்னர்களில் ஒருவரின் பெயரே பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பல யாகசாலைகளை அமைத்தவர் என்று பொருள். இவரைப் பற்றி நம்ம பக்கமே ஒரு செப்பேடு பேசுகிறது. அதுதான் வேள்விக்குடிச் செப்பேடு.

கதை இதுதான். கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவர் செய்த வேள்விக்காக, முதுகுடுமி ஓர் ஊரையே தானமாகக் கொடுத்தார். அதனால் ஊரின் பெயர் வேள்விக்குடி. களப்பிரர் ஆட்சியில் அந்த நிலம் பறிபோனது. பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 8-ம் நூற்றாண்டில், நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தில் அந்த வழியில் வந்த நற்சிங்கன் கூடல் நகரில் அரசரிடம் முறையிட்டார். அரசர் உடனே கொடுத்துவிடவில்லை. ‘பழைய உரிமைதான் என்று நிரூபி’ என்றார். ஆதாரம் காட்டிய பிறகே ஊர் திரும்பக் கிடைத்தது.

1,200 வருஷத்துக்கு முன்னாடியே மதுரையில் ‘பழமையை நிரூபி’ கேஸ் நடந்திருக்கு! ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுகுடுமி கொடுத்த தானம் பற்றிய இந்தத் தகவல், அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தைய ஆவணத்தில்தான் இருக்கிறது. நிலத்தைக் கேட்டு வந்தவருக்கு அந்தக் கதை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசிக்கணும்.

இன்னைக்கு அந்த மையம் எங்கே?

வேதம் ஓதும் மரபை யுனெஸ்கோ 2003-ல் மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாக அறிவித்தது. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த ஓதல் கிளைகளில் இன்று எஞ்சியிருப்பவை 13 மட்டுமே என்கிறது அந்தக் குறிப்பு.

அவற்றில் பல விந்தியத்துக்குத் தெற்கே வாழ்பவை. குரு - பாஞ்சாலப் பகுதியில் உருவானதாகக் கருதப்படும் தைத்திரீய கிளை இன்று வலுவாக இருப்பது தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவில். சாம வேதத்தின் ஜைமினீய கிளை தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பிழைத்திருக்கிறது. அதர்வ வேதத்தின் பைப்பலாத கிளை ஒடிசாவில், அதாவது பௌதாயனம் ‘போனால் பரிகாரம்’ என்று சொன்ன கலிங்கத்தில். 1975-ல் ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஸ்டால் 12 நாள் நடந்த அக்னிசயனம் என்ற பழைய யாகத்தைப் படம்பிடித்துப் பதிவு செய்தார். இடம், கேரளாவின் பாஞ்ஞாள் கிராமம்.

பழைய எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த ஊர்கள்தான் இன்று அந்த மரபின் காப்பகம்.

சரஸ்வதியும் மரபணுவும்: சர்ச்சை எங்கே நிற்கிறது?

* ஆறு: ஹரியானா, ராஜஸ்தான் வழியாகப் போகும் காகர் - ஹாக்ராவே சரஸ்வதி என்பது பலரின் கருத்து. ஹரப்பா காலத்தில் அது பனிமலை ஆறாக இல்லை, மழைநீர் ஆறுதான் என்றன 2012-ல் வந்த ஆய்வுகள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்புவரை அது வற்றாமல் ஓடியது என்றது 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு.

* மரபணு: ராகிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பில் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபணு இல்லை என்று 2019-ல் தெரியவந்தது. கி.மு. 2000 - 1500 அளவில் அந்த மரபணு தெற்காசியாவுக்குள் வந்தது என்று அதே ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஆய்வு சொன்னது. இதை இடப்பெயர்வுக்கான சான்றாகப் பெரும்பாலான மரபணு ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ராகிகடி அகழாய்வை நடத்திய வசந்த் ஷிண்டே அதை மறுக்கிறார்.

இரண்டிலும் ஒரு விஷயம் முக்கியம். எலும்பும் மண்ணும் எந்த மொழி பேசினார்கள் என்று நேரடியாகச் சொல்லாது. அதற்கு மொழியியலும் நூல்களும் வேணும்.

சரி, கீழடி இதில் எங்கே?

கப்பலூரிலிருந்து நான்குவழிச் சாலையில் விரகனூர் ரவுண்டானா வந்து, ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. தொடக்கம் கி.மு. 8-ம் நூற்றாண்டு வரை போகும் என்பது அமர்நாத் ராமகிருஷ்ணாவின் கணிப்பு. திருப்பி அனுப்பப்பட்டதில் விவாதமாகியிருப்பது இந்தக் காலக்கணிப்பும்தான்.

மேலே பார்த்த டைம்லைனில் இதை வைத்துப் பாருங்கள். வேத மையம் குருக்ஷேத்திரத்திலிருந்து மிதிலைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த, மகதம் எழுந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், வைகைக்கரையில் செங்கல் கட்டுமானமும் கைத்தொழிலும் நடந்திருக்கின்றன. ஒன்று நடந்ததால் இன்னொன்று நடக்கவில்லை என்று ஆகாது. கீழடி பழசு என்றால் வேதம் புதுசு என்று அர்த்தமில்லை. வேதம் பழசு என்பதால் கீழடியின் தேதியைக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கரிமக் கணிப்பைக் கரிமக் கணிப்பால்தான் மறுக்கணும், பெருமையால் இல்லை. இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

சுருக்கமா சொன்னா...

* வேதப் பண்பாட்டின் மையம் சிந்து - பஞ்சாப், குருக்ஷேத்திரம், மிதிலை என கிழக்கே நகர்ந்தது. பிறகு தெற்கே பரவியது.
* ஒவ்வொரு நகர்விலும் ‘தூய நாடு’ எது என்ற வரையறை மாறியது. ரிக் வேதம் பிறந்த நிலமே பிறகு விலக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்தது.
* மதுரைப் பகுதியில் சமணம், வேத வேள்வி, உள்ளூர்ப் பண்பாடு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன.
* இன்று பழைய ஓதல் மரபுகள் பலவும் வாழ்வது பழைய எல்லைக்கு வெளியே.

அடுத்த தடவை யாராவது வாட்ஸ்அப்பில் ‘எல்லாம் எங்க ஊர்லதான் ஆரம்பிச்சது’ என்று ஒரு மேப்பை ஃபார்வேர்டு பண்ணினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘எந்த நூற்றாண்டோட மேப் இது?’